கேசட்டில் அன்வர் இல்லாத இடம்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாய். உன் அம்மா வாசல் வரை ஓடி வந்து கூப்பிட்டாள், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிவிட்டதாக அவளுக்கு மட்டும் போன் செய்தாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் குற்றவாளி நான்தான். “புள்ள ஒரு நல்ல சேதி சொல்ல வந்தான், நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்திருந்த” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுகிறாள். போனில் உன்னோடு பேச எனக்குத் தைரியம் இல்லை. நாலு வார்த்தைக்கு மேல் போனால் எனக்குக் குரல் ஏறிவிடும். நீயும் என் ரத்தம்தானே, பட்டென்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது கத்த முடியாது என்பது ஒன்றுதான் இதில் இருக்கும் சௌகரியம்.

நீ கொண்டுவந்த சேதி இதுதான். வருகிற சனிக்கிழமை சென்னையில் ஒரு பெரிய அரங்கத்தில் எங்கள் ‘நாலாவது ஷிப்ட்’ குழுவுக்குப் பாராட்டு நிகழ்ச்சி. நடத்துகிறவன் சீனு. தமிழில் ராப் பாடிய ஆரம்பகால ஆட்களில் ஆம்பூர்ப் பையன்கள் மூன்று பேரும் உண்டு என்று இப்போது யார் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்களாம். எங்களுடைய ‘தள்ளி உக்காரு’ பாட்டை மேடையில் மறுபடி பாடப்போகிறீர்கள். சீனு தன் பகுதியைத் தானே பாடுவான். என் பகுதியை யாரோ ஒரு சினிமாப் பாடகன் பாடுவான். செத்துப்போன அன்வரின் பகுதியை நீ பாடுவாய். “அன்வர் அங்கிள் வரிங்க சீனு அங்கிள்கிட்ட கெடச்சிடுச்சுப்பா. எனக்கு இது லைஃப்ல ஒரே சான்ஸ். ஆசீர்வாதம் பண்ணுப்பா” என்றாய். நான் வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மகன் மேடை ஏறுவதில் எனக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாய். பொறாமையும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை.

எங்கள் கதையை நீ யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டவன். அதில் சீனு பேட்டி கொடுக்கும்போது பின்னால் பாலாற்று மணலைக் காட்டுவார்கள், புகைபோக்கியைக் காட்டுவார்கள், வயலின் வாசிப்பார்கள். அப்போது எங்களுக்கு அப்படி ஒரு சோகமும் கிடையாது. நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தேன். சீனு அதே கம்பெனியில் பேக்கிங். அன்வர் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஆள். வீட்டை விடப் பெரிய அந்த மரப் பீப்பாய்க்குள் தோலையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிட்டு, வெந்து வந்ததும் இழுத்து வெளியே போடுகிற வேலை. துபாயிலிருந்து வந்த அவனுடைய மாமன் மகன் ஒருவன் விட்டுப்போன கேசட்டுகளில்தான் நாங்கள் முதல்முதலில் ராப் கேட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் யாரோ எவனையோ வைதுகொண்டிருக்கிறான், அதுவும் தாளத்தோடு வைகிறான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. எங்களுக்கும் வைவதற்கு ஆட்கள் இருந்தார்கள். கம்பெனியில் மூன்று ஷிப்ட், அதற்கு மேல் நமக்கென்று ஒரு ஷிப்ட் என்று பெயர் வைத்தது சீனுதான். அந்தப் பெருமையை நான் அவனிடமிருந்து பிடுங்க மாட்டேன்.

‘தள்ளி உக்காரு’ எப்படி வந்தது என்று அவன் பேட்டியில் சொல்வது பொய் இல்லை. வேலை முடிந்து வேலூர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகருவான். சிலபேர் எழுந்தே நிற்பார்கள். அதைத்தான் பாட்டாக்கினோம். “தள்ளி உக்காரு, தள்ளி உக்காரு, நீ போட்ட செருப்பு எங்க ஊரு” என்று மூன்று பேரும் சேர்ந்து கத்துவோம். நடுவில் ஆளுக்கொரு பகுதி. நான் பஸ்ஸைப் பற்றிப் பாடுவேன். சீனு, பெண் பார்க்கப் போன இடத்தில் சாம்பிராணி போட்டார்கள் என்று சிரிப்புக் காட்டுவான். மூன்றாவதாக அன்வர். கம்பெனியில் ஆயுத பூஜைக்குப் பாடினோம். முன்வரிசையில் மேனேஜர் முதல் எல்லோரும் எங்கள் இரண்டு பேருக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்வர் பாட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. அவன் கையைக் காலை ஆட்ட மாட்டான். தாளத்துக்கு அரைக்கால் பின்னாலேயே வருவான், ஏதோ நினைத்துக்கொண்டே பேசுகிற ஆள் மாதிரி. பாடி முடித்தபோது மெஷின் மேல் வைத்த பூசணிக்காய் உடைபடாமல் இருந்தது, உடைக்க வந்தவன் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டான்.

இப்போது எங்கள் சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அன்வர் வரத் தாமதமானது. கூட்டம் விசில் அடிக்கிறது, தாளம் ஓடுகிறது, சீனு அன்வருடைய பகுதியைத் தானே எடுத்துப் பாடிவிட்டான். அரைகுறையாகத்தான் பாடினான், ஆனாலும் பாடினான். அந்த நேரம் பார்த்து அன்வர் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறான். கையில் தோலுக்குப் போட்ட சுண்ணாம்புகூடக் காயவில்லை. முடிந்ததும் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். “ஏன்டா சீனு, உங்க லைன்ல ஒருத்தன் பண்டல இன்னொருத்தன் தொடுவானா?” என்று மட்டும் கேட்டான்.

“கூட்டம் கத்துது பாய், நான் இன்னா பண்றது?”

“கத்தட்டும். நான் இல்லன்னா இல்லன்னு தெரியட்டும். என் பேச்ச நீ பேசினா நான் எதுக்குடா?”

கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியாது. ஷூ லைனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பண்டல், அதில் அவரவர் டிக்கெட். ரிஜெக்ட் ஆனாலும் அந்த நம்பருக்குத்தான் திட்டு, பாஸ் ஆனாலும் அந்த நம்பருக்குத்தான் கூலி. அடுத்தவன் பண்டலில் கை வைப்பது திருட்டுக்குச் சமம். அந்தப் புத்தியோடு வளர்ந்த எங்களுக்கு அன்வர் சொன்னது வேதவாக்காகப் பட்டது. அன்றே சட்டம் போட்டோம். எழுதினவன்தான் பாட வேண்டும். அவன் வரவில்லையென்றால் அவனுடைய இடத்தில் தாளம் மட்டும் ஓட வேண்டும். மற்ற இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவன் வரிகளை இன்னொருவன் சும்மாகூட முணுமுணுக்கக் கூடாது. அதற்காக எவ்வளவு கர்வப்பட்டோம் தெரியுமா. உலகத்தில் வேறு எந்தக் குழுவுக்கும் இல்லாத நாணயம் எங்களுக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

அந்த நாணயம் என்ன செய்தது என்று கேள். வேலூரில் பக்திப் பாட்டு கேசட் போடுகிற ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. அங்கே எங்களுக்கு ஒரு நாள் கிடைத்தது. நானும் சீனுவும்தான் போய்ப் பேசித் தேதி குறித்தோம். அது பக்ரீத் முடிந்த வாரம். ஆம்பூரில் பிறந்து ஆம்பூரில் வளர்ந்த இரண்டு பேர் அந்த வாரத்தைக் குறித்தோம் என்றால் எங்களை எதால் அடிப்பது? பக்ரீத் ஆட்டுத்தோல் லாரி லாரியாக வந்து இறங்குகிற வாரம் அது. உடனே உப்புப் போட்டு வேலை செய்யாவிட்டால் அழுகிப்போகும். டேனரியில் அந்த வாரம் சொந்த அப்பன் செத்தாலும் லீவு கிடையாது. ஸ்டுடியோ காலியாக இருக்கிறது என்ற சந்தோஷத்தில் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அன்வரிடம் சொன்னபோது அவனும் கோபப்படவில்லை. “எப்டியாவது வர்றேன்டா” என்றான். வரவில்லை, வர முடியவில்லை.

நாங்கள் எங்கள் பகுதிகளைப் பாடினோம். அன்வருடைய இடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றோம். பதிவு செய்கிறவர் வெளியே வந்து, “இன்னாப்பா, மறந்துட்டீங்களா?” என்றார். சட்டத்தைச் சொன்னோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “மேடையில சரி. கேசட்ல காலியா உட்டா ஜனங்க ரிப்பேர்னு நெனப்பாங்கப்பா. எவனாவது ஒருத்தன் பாடித் தொலைங்க” என்றார். சீனு என்னைப் பார்த்தான். நான் முடியாது என்றேன். அவனும் முடியாது என்றான். அந்தக் காலி இடத்தோடுதான் கேசட் வந்தது. அவர் சொன்னது மாதிரியே வாங்கினவர்கள் பாதிப் பேர் டேப் சரியில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த கேசட்டில் அன்வருக்கு இரண்டு பாட்டு தனியாக வைப்போம் என்று பேசிக்கொண்டோம். அடுத்த கேசட் என்று ஒன்று வரவே இல்லை. எங்கள் மூன்று பேரில் உண்மையான பாட்டுக்காரன் அவன் ஒருவன்தான். அவனுடைய குரல் மட்டும் எங்கேயும் இல்லை. அவனை மதிக்கிறோம் என்று சொல்லியே அவனை இல்லாமல் ஆக்கினோம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சீனு சென்னைக்குப் போனான். சினிமாவில் கூட்டத்தோடு கத்துகிற வேலையில் ஆரம்பித்து, இன்று சின்னப் பையன்கள் எல்லாம் அண்ணன் அண்ணன் என்று காலில் விழுகிற இடத்துக்கு வந்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை, உழைத்தான். ஆனால் எந்தப் பேச்சையும் தனக்கு வேண்டிய இடத்தில் முடித்துக்கொள்வான். நான் கல்யாணம், நீ, சூப்பர்வைசர் பதவி, முதுகுவலி என்று இங்கேயே தங்கிவிட்டேன். அன்வர் இருந்த டேனரியை மூடினார்கள். ராணிப்பேட்டையில் கொஞ்ச காலம், பிறகு சவுதியில் டிரைவர் வேலை. மகள் ஷாஹினை நாலு வயதில் விட்டுவிட்டுப் போனவன், அவள் கல்யாண வயதுக்கு வந்தபோது கிட்னி இரண்டும் கெட்டுத் திரும்பி வந்தான். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பாட்டைப் பற்றிப் பேசவே மாட்டான். ஒரு தடவை நானாக ஆரம்பித்தேன். “அத்த உடுடா. பேஜாரு” என்றான். அதோடு நானும் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் போன் இருந்தது மகனே. ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் பதிவாகியிருக்கும். கேட்டு வாங்க வேண்டும் என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவன் அடக்கத்துக்கு சீனு வரவில்லை, ஷூட்டிங்காம். உன்னை வரச் சொன்னேன், உனக்கு செமஸ்டர்.

இப்போது ஹைவே மேம்பாலத் தூணில் எங்கள் மூன்று பேரையும் வரைந்திருக்கிறார்கள். நீதான் போட்டோ எடுத்து அனுப்பினாய், கீழே நெருப்புப் பொம்மையெல்லாம் போட்டு. சீனு சீனு மாதிரியே இருக்கிறான். நான் யாரோ மாதிரி இருக்கிறேன், பரவாயில்லை. அன்வருக்கு நெஞ்சு வரை தாடி, தலையில் குல்லா. அவன் சாகிற வரை ஒரு நாளும் தாடி வைத்தவன் இல்லை. டிரம்முக்குள் குனிகிறவனுக்குத் தாடி எப்படி இருக்கும்? பாய் என்றால் தாடி என்று வரைந்துவிட்டார்கள். அதை வரைந்த பையன்களிடம் போய்ச் சொன்னேன். “லுக்கு நல்லாகீது அங்கிள், உட்டுடுங்க” என்றார்கள்.

ஷாஹின் இப்போது வாலாஜாபேட்டையில் இருக்கிறாள். புருஷன் மருந்துக்கடை வைத்திருக்கிறான், இவளும் கடையில் நிற்கிறாள். என்னைத் தன் அப்பாவுக்குத் தம்பி முறை வைத்து சாச்சா என்று கூப்பிடுவாள். போன மாதம் வந்தாள். அவளுக்குத் தன் அப்பாவை போனில் வருகிற குரலாகத்தான் தெரியும். சாப்பிட்டியா, படிச்சியா, அம்மீ பேச்சக் கேளு, அவ்வளவுதான். தூணில் படம் வந்ததிலிருந்து எல்லோரும் அவளிடம் கேட்கிறார்களாம், உன் அப்பா என்ன பாடுவார் என்று. “ஒரு வரி சொல்லுங்க சாச்சா, போதும்” என்றாள். எனக்கு நினைவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. “உங்க கல்யாண ரிசப்ஷன்ல அப்பா பாடினாராமே, வீடியோ இருக்குமே” என்றாள். இருந்தது, போட்டோம்.

அந்த வீடியோவை நீயும் பார்த்திருக்கிறாய். வீடியோக்காரன் ரிசப்ஷன் முழுக்க சினிமாப் பாட்டை மேலே ஒட்டிவிட்டான். அன்வர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வாய் அசைகிறது, கேட்பது ஏதோ ஒரு டூயட். ஷாஹின் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். “வாய் அசையுதே சாச்சா, பாத்துச் சொல்லுங்களேன். இது இன்னா எழுத்து, ‘ப’வா, ‘ம’வா?” என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில் உதடு மூடித் திறப்பது தெரிந்தது. அம்மீ என்கிறான் என்று சொன்னேன். அது உறுதி. ஏனென்றால் அந்தப் பகுதி எதைப் பற்றியது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை முடிந்து வருகிற மகனுக்கு அவனுடைய அம்மீ ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிடுவாள். வளர்ந்த ஆம்பளைக்கு ஏன் ஊட்டுகிறாள் என்று அவன் சொல்லவே மாட்டான். பாட்டு முழுக்க நாத்தத்தைப் பற்றியது, அவன் பகுதியில் அந்த வார்த்தை ஒரு இடத்தில்கூட வராது. கேட்கிற எங்களுக்குப் புரியும், எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொள்வோம். இதையெல்லாம் ஷாஹினுக்குச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது கத சாச்சா. பாட்டு எங்க?” என்றாள்.

அவன் வரிகளை நாங்கள் வாயில் வைத்ததில்லை. சட்டம். அவன் பாடும்போது கேட்டதோடு சரி. பேரணாம்பட்டில் இருக்கிற பழைய டிரம் ஆட்கள் வரை போய்க் கேட்டுவிட்டேன். எல்லோருக்கும் ‘தள்ளி உக்காரு’ நினைவிருக்கிறது, அன்வர் பாடினால் சிரிக்க மாட்டோம் என்பது நினைவிருக்கிறது. வரி ஒருவனுக்கும் இல்லை. ஷாஹின் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். “குடுக்க மனசில்லன்னு சொல்லுங்க சாச்சா, ஒத்துக்கறேன். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. கூடவே நின்னவங்க எப்டி மறப்பீங்க?” என்றாள். உன் அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஷாஹின் குடிக்காமலே போய்விட்டாள்.

பிறகு அவள் சீனுவிடம் பேசியிருக்கிறாள். பத்துப் பதினைந்து நாளில் எனக்கு போன். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. “கெடச்சிடுச்சு சாச்சா! சீனு சாச்சாகிட்ட முழுசா இருந்துது. எம் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன், அவ மழலையில பாடறா, கேக்கறீங்களா?” என்றாள். நான் நல்லதும்மா என்றேன். சீனுவுக்கு எப்படி நினைவிருந்தது என்று எனக்கே ஆச்சரியம். ஒரு தடவை அரைகுறையாகப் பாடியவன்தானே, மனசில் நின்றிருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அதன் பிறகு நீ வந்தாய், சேதி சொன்னாய். நான் பேசாமல் இருந்தேன் என்றால், அதற்கு முந்தின நாளே அன்வர் அங்கிள் பகுதி என்று நீ பாடிப் பதிவுசெய்து அனுப்பியிருந்ததை நானும் உன் அம்மாவும் கேட்டிருந்தோம்.

முதல் வரியே “நாத்தம் எங்க சொத்துடா” என்று இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். அடுத்து தோழா தோழா என்று வருகிறது. அன்வர் ஜென்மத்தில் யாரையும் தோழா என்று கூப்பிட்டதில்லை, அவனுக்கு எல்லோரும் தோஸ்த்தான். சீனு சொந்தமாக எழுதிவிட்டான் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். அப்போது “வெயில் குடிச்ச மூஞ்சிடா” என்று ஒரு வரி வந்தது. உன் அம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். “யோவ், இது எம் பேச்சாச்சே! உன்னத் திட்டறதுக்கு நான் சொல்றது, பாட்டுல வெச்சிட்டான் பாரு எம் புள்ள” என்றாள். நாற்றம்பள்ளியில் பிறந்த அவளைத் தவிர இந்த ஊரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு அதில் பெருமைதான், ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அதை எழுதியது சீனு இல்லை. நீ.

நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் பெயரில் அதைக் கொண்டுவந்திருந்தால் ஊரெல்லாம் போய்ச் சொல்லியிருப்பேன், என் மகனுடைய பாட்டு என்று. அன்வர் என்ன பாடினான் என்று ஒரு நாளாவது என்னிடம் கேட்டாயா? எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையாவது சொல்லியிருப்பேனே. உனக்கு அவன் வேண்டியதில்லை, அவன் விட்ட இடம்தான் வேண்டியிருந்தது. சீனு கேட்டிருப்பான், நீ எழுதிக் கொடுத்திருப்பாய், இதில் என்ன தப்பு, ஒரு செத்த மனிதருக்கு மரியாதைதானே என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, வேலூர் ஸ்டுடியோவில் வாயை மூடிக்கொண்டு நின்றபோது. மரியாதை என்ற பெயரில் நாங்கள் அவன் குரலைத் தொலைத்தோம். நீங்கள் அவன் வாயில் வேறு நாக்கை வைக்கிறீர்கள்.

நான் உனக்குப் புத்தி சொல்லக்கூடிய ஆள் இல்லை. என் வாழ்க்கையைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ மேடைக்குப் போ, பாடு, பெரிய ஆளாக வா, சீனுவை விடப் பெரிய ஆளாக வா. ஆனால் போவதற்கு முன் ஷாஹினுக்கு நீயே போன் செய்து, அது உன் அப்பா வரி இல்லை அக்கா, நான் எழுதினது என்று சொல். நான் சொல்லலாமே என்று கேட்பாய். நான் சொன்னால் நம்ப மாட்டாள். ஒரு தடவை நிஜத்தைச் சொல்லி அவளிடம் பொய்யனாகி உட்கார்ந்திருக்கிறேன். இப்போது போய் சீனு கொடுத்தது பொய் என்றால், வயிற்றெரிச்சல் பிடித்த கிழவன் என்பாள். நீ சொன்னால் நம்புவாள். சொல்வதால் உனக்குத்தான் நஷ்டம், சீனு உன்னை மேடையிலிருந்து இறக்கினாலும் இறக்குவான். தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒருவன் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். உன்னிடம் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நான் உனக்கு எதுவும் பெரிதாகச் செய்ததில்லை என்பதும் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

உன் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் இன்னும் அந்த வரியைப் பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை ஷாஹின் மறுபடி பேசினாள். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அவளுக்கு முன்வரிசையில் இரண்டு சீட் கொடுத்திருக்கிறார்களாம். புருஷன் கடையை விட்டு வர முடியாது, என்னை வரச் சொல்கிறாள். கோபத்தை எல்லாம் மறந்துவிட்டாள். “நீங்க எம் பக்கத்துல ஒக்காரணும் சாச்சா. அப்பா பாடிக் கேட்டவங்க ஒருத்தராவது எம் பக்கத்துல இருக்கணும்” என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்வது? மூன்றாவது பகுதி வந்து நீ வாயைத் திறந்ததும் அவள் மேடையைப் பார்க்க மாட்டாள் மகனே. என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள், இதுதானே சாச்சா என்று. அதற்கு முன் அவளிடம் சொல்லிவிடு.

அப்பா